ஆற்றங்கரையில் வர்ஜீனியா

லண்டனின் மேற்கே ரிச்மண்டில், தேம்ஸ் ஆற்றங்கரை பெஞ்சில் வர்ஜீனியா வுல்ஃப் உட்கார்ந்திருக்கிறார். ஆளுயர வெண்கலச் சிலை. 2022 நவம்பரில் திறந்தார்கள். செய்தவர் லோரி டிசெங்ரமெல் என்ற பெண் சிற்பி. உயரமான பீடம் கிடையாது. மடியில் புத்தகம், முகத்தில் சிரிப்பு, பக்கத்தில் நாமும் உட்கார இடம்.

சிலைக்கு எதிர்ப்பும் எழுந்தது. 1941இல் ஆற்றில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டவரைத் தண்ணீருக்கருகே வைக்கலாமா என்று கேட்டார்கள். அக்கறையோடு கேட்டதாகவே இருக்கட்டும். ஆனால் அந்த ஆறு சசெக்ஸில் ஓடும் ஊஸ். ஹவானாவில் எல் ஃப்ளோரிடிடா மதுக்கூடத்தில் ஹெமிங்வேக்கும் வெண்கலச் சிலை உண்டு. குடியால் உடல் கெட்டு, 1961இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர். அவரை பாரில் நிறுத்தலாமா என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அவருக்கு மது ரசனையாகிவிடுகிறது. வர்ஜீனியாவுக்கு ஆறு என்றாலே சாவு. சில்வியா பிளாத் என்றதும் அடுப்பு நினைவுக்கு வருவதும் இப்படித்தான்.

ரிச்மண்டில் அவர் சாகவில்லை. 1914 முதல் 1924 வரை வாழ்ந்தார். கடும் மனநோயிலிருந்து மீண்டு எழுதினார். முதல் இரண்டு நாவல்களையும் வெளியிட்டது மாற்றாந்தாய் வழி அண்ணன் அல்ல, தாயின் முதல் மணத்தில் பிறந்த அண்ணன் ஜெரால்ட் டக்வொர்த்தின் பதிப்பகம். சிறுமியாக இருந்தபோது தன் உடலை அத்துமீறித் தொட்டவர் என்று வர்ஜீனியாவே பின்னாளில் எழுதிவைத்த அதே ஜெரால்ட். கையெழுத்துப் பிரதியை அவரிடம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

1917இல் அவரும் கணவர் லெனார்டும் ஒரு கையச்சு இயந்திரம் வாங்கி, ஹோகார்த் ஹவுஸ் என்ற தங்கள் வீட்டின் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். லெனார்டுக்குக் கை நடுக்கம். ஆகவே அச்சுக் கோர்த்தது வர்ஜீனியா. 1922இல் மூன்றாவது நாவல் ‘ஜேக்கப்ஸ் ரூம்’ சொந்தப் பதிப்பகத்தில் வந்தது. அதன்பின் எந்த நாவலும் ஜெரால்டிடம் போகவில்லை. (அந்த வீட்டில் சமைத்த நெல்லி பாக்ஸலுக்கு இந்த பெஞ்சில் இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சிலைக்காக 2017இலிருந்து நன்கொடை திரட்டியது அரோரா மெட்ரோ. அதுவும் ஒரு சிறு பதிப்பகம்தான். அச்சுக் கோர்த்த அந்த வீடு ஆற்றங்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது.