பத்த வைக்கிறது யாரு?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். கூமாப்பட்டி. (2025-ல ரீல்ஸ் மூலமா திடீர்னு பிரபலமாச்சே, அதே ஊர்தான். பிளவக்கல் அணைக்குப் பக்கம் :-)) வாசல்ல கால் வைக்கும்போதே அம்மா, "பாய்லர் ஒழுகுதுய்யா"ன்னாங்க.

தெரியாதவங்களுக்காக: கொல்லையில நிக்கிற செம்பு பாய்லர். நடுவுல ஒரு குழாய், அதுக்குள்ள நெருப்பு, சுத்தித் தண்ணி. புனல்ல பச்சத்தண்ணி ஊத்தினா அது அடிக்குப் போயி, மேல நிக்கிற வெந்நீரை மூக்கு வழியா வெளிய தள்ளும். மோட்டார் கிடையாது, வால்வு கிடையாது. எரிக்கத் தோப்புல இருந்து வர்ற சிரட்டையும் பாளையும். என்னை விட வயசுல மூத்த பாய்லர்.

"ரிப்பேர் பண்ணிரலாம்மா"ன்னு முந்திக்கிட்டுச் சொன்னது நான்தான். பொட்டி தட்டுற புத்தி சும்மா இருக்குமா? லேப்டாப்பைத் திறந்து கணக்குப் போட்டேன். ஒரு வாளி, 20 லிட்டர் தண்ணியை 20 டிகிரி ஏத்த அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவா கரன்ட் வேணும். ரெண்டு பேருக்கு ரெண்டு மாசத்துக்கு 60 யூனிட் பக்கம். 2016-ல வந்த 100 யூனிட் இலவசத்தை ஃபேனும் ஃப்ரிட்ஜுமே தின்னுரும். கீசர் மட்டும் வாங்கினாலும் போதாது. 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த்து, கரன்ட் கசிஞ்சா உடனே நிறுத்துற பிரேக்கர், எல்லாம் புதுசா போடணும். சிரட்டைக்கு நேரா சைபர்னு போட்டேன். பாய்லர் சுலபமா ஜெயிச்சிருச்சு.

லோடு ஆட்டோவுல ஏத்தி ராஜபாளையத்துல ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். அவர் தண்ணி நிரப்பிப் பார்த்துட்டுச் சொன்னார்: "வெளித்தகடுன்னா கவலையே இல்ல தம்பி, பத்த வச்சிரலாம். இது நெருப்புக் குழாய்ல விடுது. தகடு மெலிஞ்சு போச்சு. ஒரு இடத்துல பத்த வச்சா அடுத்து பக்கத்துல விடும். குழாயையே மாத்தணும்." புது பாய்லர் விலையில பாதி கேட்டார். அப்பவும் நான் அசரலை. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"குழாயை மாத்திப் பத்த வச்சிரலாம்மா."

"பத்த வைக்கலாம்யா. தெனமும் பத்த வைக்கிறது யாரு?"

பதில் சொல்லத் தெரியலை. தீபாவளி, பொங்கல்னு வருஷத்துக்கு நாலு நாள் வர்றவன் நான். எனக்கு அந்தப் புகை வாசம்னா ஊர் ஞாபகம். அம்மாவுக்கு அது அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, வலிக்கிற முட்டியோட குத்தவச்சு, கண்ணெரிய ஊதுறது. அப்பாவுக்கு வீசிங் வந்ததுக்கப்புறம் கொல்லைக் கதவைச் சாத்திக்கிட்டு ஊதுறது. நான் சைபர்னு போட்ட கட்டத்துல அம்மாதான் இருந்திருக்காங்க. இத்தனை வருஷமா வாய் திறந்து சொல்லலை, நானும் கேக்கலை.

கீசர் மாட்டியாச்சு. பாய்லரை எடைக்குப் போட்ட காசு எர்த்து வேலைக்குச் சரியா போச்சு. தூக்கிப் போடும்போது எனக்குத்தான் மனசு கேக்கலை. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கலை.

உங்க வீட்டுலயும் பாய்லர் ஒழுகினா, தகடா குழாயான்னு பாருங்க மக்களே. அதுக்கு முன்னாடி, பத்த வைக்கிறவங்களை ஒரு வார்த்தை கேளுங்க.

நேத்து போன்ல, "இப்ப எத்தனை மணிக்கு எந்திரிக்கிறீங்க?"ன்னேன்.

"அஞ்சுக்கே முழிப்பு வந்துருதுய்யா. சும்மா படுத்துக் கெடக்கேன்."