கொஞ்சமா சாப்பிடுறவங்களைக் கட்டாயப்படுத்தாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க.

எங்க அன்னதானக் குழுவுல ஒரு தம்பி இருக்கான். அவன்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறோம், பேரு மட்டும் வேணாம்னான். இரண்டு வருஷத்துக்கு முன்னாடி அவன் எடை 146 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. நாங்க என்ன செஞ்சோம்? "அண்டா வந்துட்டான், இன்னொரு பானை சோறு வைங்க"ன்னு கேலி பண்ணினோம். அவனும் சிரிப்பான். சிரிக்கிறானே, வலிக்கலன்னு நினைச்சுக்கிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டூல்ல உட்கார்ந்து வடை சுட்டுக்கிட்டு இருந்தவன் அப்படியே கண் அசந்துட்டான். கரண்டி எண்ணெய்ச் சட்டிக்குள்ள விழுந்துடுச்சு. நல்ல வேளை, யார் மேலயும் தெறிக்கல. அப்புறம்தான் தெரிஞ்சது, ராத்திரி தூக்கத்துல அவனுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுன்னு.

டாக்டர் ஆபரேஷன் பத்திப் பேசினார். எங்க எல்லாருக்கும் பயம். "கத்தி வைக்காதேடா, வாயைக் கட்டினா போதும்"னு சொன்னோம். "மூணு தடவை வாயைக் கட்டிட்டேன்ணே. இருபது கிலோ குறைஞ்சு இருபத்தஞ்சு ஏறுச்சு"ன்னான். எங்களால பதில் சொல்ல முடியல. அடுத்த தடவை எங்கள்ல இரண்டு பேர் கூடவே போனோம்.

டாக்டர் சொன்னதை எங்களுக்குப் புரிஞ்ச மாதிரி எழுதுறோம். இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுவாங்க. சின்னத் துளை போட்டுத்தான் செய்வாங்க. பசியைத் தூண்டுற ஹார்மோன் அதிகமா சுரக்கிற பகுதியும் அதோட போயிடுது, அதனால பசியே குறையுது. மொத்த எடையில கால் பங்கு அளவு குறையலாம். நிறைய பேருக்கு இனிப்பு நீர் மருந்து குறையும், சிலருக்கு நிறுத்தவும் முடியும். ஆனா திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு.

ஆபத்து இல்லையான்னு கேட்டோம். இருக்குன்னு நேராவே சொன்னார். அனுபவமுள்ள இடத்துல உயிர் ஆபத்து ஏறக்குறைய ஆயிரத்துல ஒருத்தருக்கு, பித்தப்பை ஆபரேஷன் மாதிரி. ரத்தக்கசிவு, தையல் போட்ட இடத்துல ஒழுகல், கால்ல ரத்தம் உறையுறது எல்லாம் வரலாம். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், படபடப்பு, வயித்து வலி வந்தா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பின்னாடி நெஞ்செரிச்சல் வரலாம். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும். ஃபேக்டரியில மெஷினுக்குப் புது பாகம் போட்டா மட்டும் போதுமா? சர்வீஸ் விட்டா மறுபடி நின்னுடும். இதுவும் அப்படித்தான். பழைய பழக்கம் திரும்பினா எடையும் திரும்பும்.

எல்லாருக்கும் இந்த ஆபரேஷன் கிடையாது. ஊசி மருந்தும் இப்ப இருக்கு. எது சரின்னு டாக்டர்தான் சொல்லணும்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. மறுநாளே நடக்க வச்சாங்க. முதல்ல தண்ணி ஆகாரம், அப்புறம் அரைச்சது, அப்புறம் மெதுவானது.

தப்பு பண்ணினது நாங்கதான். மூணாவது மாசம் திருவிழா. அவன் இரண்டு கரண்டியோட நிறுத்தினான். "சாமி பிரசாதம்டா, வேணாம்னு சொல்லக்கூடாது"ன்னு நாங்களே சர்க்கரைப் பொங்கலை அள்ளி வச்சோம். பெரியவங்க மனசு நோகக்கூடாதுன்னு சாப்பிட்டான். கொஞ்ச நேரத்துல வேர்த்துக் கொட்டி, சமையல்கட்டுக்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்தான். அவன் சம்சாரம் எங்களைத் திட்டல. "அண்ணே, அவருக்கு இப்ப வயிறு அவ்வளவுதான்"னு மட்டும் சொல்லுச்சு. அன்னைக்கு எங்களுக்கு இலையில சோறு இறங்கல.

இப்ப அவன் 104 கிலோ. பருப்பு, முட்டை, தயிர் முதல்ல, சோறு கடைசியில. தண்ணியைச் சாப்பாட்டோட குடிக்க மாட்டான். நின்னுக்கிட்டே பந்தி பரிமாறுறான். ஸ்டூல் சும்மா கிடக்குது.

2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி நம்ம நாட்டுப் பெரியவங்கள்ல பாதிப் பேருக்கு எடை அதிகம், இனவாரியா பார்த்தா இந்தியர்கள்தான் முன்னால. அதனால உங்க கோயில்லயும் இப்படி ஒரு தம்பி, ஒரு தங்கச்சி இருப்பாங்க. கேலி பண்ணாதீங்க. டாக்டரைப் பார்க்கப் போனா கூடப் போங்க. பிரசாதம் ஒரு விரல் நுனி போதும், அவங்க சாமிக்கு அது தெரியும்.

நாங்க செஞ்ச தப்பை நீங்க செய்யாதீங்க.