ஒரு 555 புத்தகமும் இரண்டு விண்ணப்பங்களும்

இவ்வாண்டு இதழுக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைத் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, எங்கள் செயலவையில் நான்கு பேருக்குப் பிற்பாடு எம்.பி.ஏ. படிக்கும் ஆசை இருக்கிறது. படிக்கும்போதே என்னென்ன செய்து வைக்க வேண்டும் என்று எழுதுங்களேன்" என்றார். அறிவுரை சொல்லும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனால், ஒருமுறை விண்ணப்பித்துத் தோற்றவன். மறுமுறை விண்ணப்பித்து இடம் பெற்றவன். இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

2010ஆம் ஆண்டு நான் இறுதியாண்டு மாணவன். சுங்கை சிப்புட்டில் லோரி ஓட்டும் அப்பாவுக்கு எம்.பி.ஏ. என்றால் என்னவென்று தெரியாது. "மேலே படிக்கணும்னா படிடா" என்று மட்டும் சொன்னார். வேலை அனுபவம் இல்லாத இறுதியாண்டு மாணவர்களுக்கும் இடம் ஒதுக்கும் வெளிநாட்டு வணிகப் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். சராசரிப் புள்ளி 3.71. ஜிமேட் தேர்விலும் நல்ல மதிப்பெண். புறப்பாட நடவடிக்கைப் பட்டியலோ ஒரு பக்கத்துக்கு மேல் நீண்டது. பேரவைப் பொருளாளர், விடுதிச் செயலவை உறுப்பினர், விவாதக் குழு, இரத்த தான முகாம்... எதை விட்டேன்!

முதல் அடி பரிந்துரைக் கடிதத்தில் விழுந்தது. புள்ளியியல் பாடத்தில் எனக்கு 'ஏ' கொடுத்த விரிவுரையாளரிடம் போய் நின்றேன். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. "நீங்கள் எடுத்த மதிப்பெண்ணைப் பற்றி எழுதலாம். அதுதான் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறதே. வேறு என்ன எழுதட்டும்?" என்று கேட்டார். பதில் இல்லை. மூன்றாண்டுகளில் ஒருநாள்கூட அவர் அறைக் கதவைத் தட்டியவன் அல்லன் நான். கடைசி வரிசையில் அமர்ந்து, குறிப்பெடுத்து, தேர்வெழுதிவிட்டுப் போனவன்.

இரண்டாவது அடி நேர்காணலில். "பொருளாளராக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "கணக்குகளை நிர்வகித்தேன்" என்றேன். "நீங்கள் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு அங்கே என்ன மிஞ்சியது?" என்று அடுத்த கேள்வி வந்தது. நான் தலைமைத்துவம், குழு உணர்வு என்று ஏதேதோ பேசினேன். ஒரு மாதம் கழித்து வருத்தம் தெரிவித்து மின்னஞ்சல் வந்தது.

ஷா ஆலாமில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 2012 தீபாவளி விடுமுறையில் வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு 555 புத்தகம் கிடைத்தது. மளிகைக்கடைக் கடனை எழுதிவைக்க நம் அம்மாக்கள் பயன்படுத்தும் அதே சின்னப் புத்தகம்தான். பொருளாளராக இருந்தபோது நான் கணக்கெழுதியது. புரட்டப் புரட்ட 2009 கலை இரவு கண்முன் வந்தது.

அந்நிகழ்ச்சிக்குத் திட்டமிட்ட செலவு 14,000 ரிங்கிட். நன்கொடை தருவதாக வாக்களித்த ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். 2,600 ரிங்கிட் துண்டு விழுந்தது. வாய்வார்த்தையை நம்பி அப்பணத்தை வரவில் எழுதிவிட்டிருந்தேன். வெளியில் சொன்னால் மானம் போய்விடும் என்று மறைத்தேன். ஒலி அமைப்பாளருக்கு முன்பணமாக என் பிடிபிடிஎன் கடன் பணத்திலிருந்து 900 ரிங்கிட் கொடுத்தேன். இரண்டு வாரம் மேகிதான் சாப்பாடு. செயலாளராக இருந்த அக்கா கணக்கைப் பார்க்கக் கேட்டபோது குட்டு உடைந்தது. "காசு இல்லேன்னு சொல்றது தப்பில்ல தம்பி. எங்ககிட்ட மறைச்சதுதான் தப்பு" என்றார். அன்றிரவே செயலவை கூடியது. மறுநாள் சிலர் பிரிக்ஃபீல்ட்ஸ், சிலர் மஸ்ஜிட் இந்தியா என்று கடைகடையாக ஏறி இறங்கினோம். நிகழ்ச்சி மலரில் அரைப்பக்க விளம்பரம் 100 ரிங்கிட், கால்பக்கம் 50. நான்கு நாளில் 2,850 ரிங்கிட் சேர்ந்தது.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகள் எழுதியிருந்தேன். கைக்கு வராத பணத்தை வரவில் எழுதக்கூடாது. எந்தச் செலவுக்கும் இருவர் கையொப்பம் வேண்டும். வாரந்தோறும் கணக்கைச் செயலவை முன் வைக்க வேண்டும்.

நேர்காணலில் கேட்ட கேள்விக்கான பதில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் மூன்றாண்டுகளாகக் கிடந்திருக்கிறது!

2013இல் சிங்கப்பூரிலுள்ள ஒரு வணிகப் பள்ளிக்கு விண்ணப்பித்தேன். பட்டியலை மூன்றே வரிகளாகச் சுருக்கினேன். கட்டுரையில் மறைத்ததையும் மாட்டிக்கொண்டதையும் அதன்பின் மாற்றியதையும் எழுதினேன். பரிந்துரையை என் மேலாளர் எழுதினார். என்னோடு சேர்ந்து கொள்கலன் கணக்குப் பார்த்தவர், எழுதுவதற்கு அவரிடம் செய்தி இருந்தது. இடம் கிடைத்தது.

தம்பி கேட்ட பயனுள்ள செய்திகளுக்கும் வருகிறேன். வணிகப் பள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக எம்.பி.ஏ.வுக்குப் பட்டம் பெற்றபின் குறைந்தது இரண்டாண்டு முழுநேர வேலை அனுபவம் வேண்டும். ஹார்வர்டின் '2+2' திட்டமோ இறுதியாண்டு மாணவர்களுக்கானது. இப்போதே இடம் உறுதியாகும். இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகள் வேலை செய்துவிட்டுப் படிக்கப் போக வேண்டும். ஆகவே, எந்தக் கதவைத் தட்டப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஜிமேட் மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். 2010இல் நான் எழுதிய தேர்வுதான் 2013இலும் கைகொடுத்தது. இப்போதைய வடிவம் 2023இல் அறிமுகமானது. கணிதம், மொழி, தரவு நுண்ணறிவு என்று மூன்று பகுதிகள். இரண்டேகால் மணி நேரம். மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை. வேலைக்குப் போனபின் படிக்க நேரம் தேடுவதைவிட, படிக்கும் பழக்கம் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. தமிழியல், ஊடகம் போன்ற துறைகளில் பயிலும் தம்பி தங்கையர், புள்ளியியல் அல்லது கணக்கியலில் ஒரு விருப்பப் பாடமாவது எடுங்கள். எண்களைக் கண்டு அஞ்சாதவர் என்பதற்கு அதுவே சான்று.

முதலாண்டிலிருந்தே ஒரு விரிவுரையாளரிடமாவது சந்தேகம் கேட்டுப் போங்கள். நம் பிள்ளைகளுக்கு அதில் கூச்சம் அதிகம், எனக்கும் இருந்தது. பரிந்துரை கேட்கும் நாளில் அவர் உங்கள் பெயரைக் கேட்கும்படி ஆகிவிடக்கூடாது. ஐந்து சங்கங்களில் பெயர் கொடுப்பதைவிட ஒன்றில் ஒரு சிக்கலை முழுதாகத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். தொழிற்பயிற்சியில் தேநீர் வாங்கி வரச் சொன்னாலும் சரி, அங்கே ஒரு வேலை எப்படி நடக்கிறது, எங்கே தடைபடுகிறது என்று கவனித்து எழுதிவையுங்கள். எழுதாதது மறந்துபோகும். ஒரு 555 புத்தகம் போதும்.

தொலைபேசியை வைக்குமுன் தம்பியிடம், இப்போது பேரவைக் கணக்கு எப்படி நடக்கிறது என்று கேட்டேன். "ரொம்பக் கெடுபிடி அண்ணா. ரெண்டு கையெழுத்து இல்லாம அஞ்சு வெள்ளிகூட எடுக்க முடியாது. யார் கொண்டுவந்த சட்டமோ தெரியல" என்று சலித்துக்கொண்டார்.

யாரென்று நான் சொல்லவில்லை. இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.