அணைத்த பிறகும் விழித்திருந்த லேப்டாப்

மகன் தன் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ஞாயிறு காலை பேத்தியோடு பேசுவதற்கு அதுதான். வேலை முடிந்ததும் முறையாக ஷட்டவுன் செய்து, சார்ஜரையும் பிடுங்கிவிடுவேன். ஆனாலும் இரவு 80 சதவீதம் இருந்தது காலையில் 65 ஆகிவிடும். இரண்டு மூன்று நாள் தொடாமல் விட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒரு ஞாயிறு கரண்ட் இல்லை. மோடம் மட்டும் சின்ன யூபிஎஸ்ஸில் ஓடியது. பேத்தி பள்ளியில் வாங்கிய பரிசைக் காட்டக் கையைத் தூக்கினாள், திரை கறுத்துவிட்டது. அந்தக் கோபத்தில், "ராத்திரி இதுல சீரியல் பாத்தியா?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டேன். "எனக்கு அதத் திறக்கவே தெரியாதுங்க" என்றாள். அன்று மதியம் சாப்பாடு பேச்சில்லாமல் நடந்தது.

வயதானால் இரவில் இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறதே, அதுவே உதவியது. இருட்டில் லேப்டாப்பின் பக்கவாட்டில், மோடம் கேபிள் செருகிய இடத்தில், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கணினிதான் அணைந்திருக்கிறதே!

நான் டெலிபோன் எக்சேஞ்சில் காலம் கழித்தவன். ரிசீவரை வைத்த பிறகும் லைனில் 48 வோல்ட் இருக்கும். இதுவும் அந்த ஜாதிதான். 'வேக் ஆன் லேன்' என்று பெயர். அலுவலகத்தில் தூங்கும் கணினியைத் தொலைவிலிருந்து எழுப்ப 'மேஜிக் பாக்கெட்' என்ற ஒன்றை அனுப்புவார்கள். அதற்காக நெட்வொர்க் கார்டு மட்டும் காது கொடுத்தபடி மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். என் வீட்டில் யார் எழுப்பப் போகிறார்கள்?

டெர்மினலில் 'ஈத்டூல்' கட்டளை கொடுத்துப் பார்த்தேன். 'வேக்-ஆன்' என்ற வரியில் 'ஜி' என்று இருந்தது. அதை 'டி' ஆக்கினால் அணைந்துவிடும். ஆக்கினேன். ஆனால் மறுபடி போட்டதும் பழையபடி 'ஜி'. மகனிடம் போனில் கேட்டேன். "பயாஸுக்குள்ள போய் நிறுத்துங்கப்பா" என்றான். என் கணினியில் அதற்கு எஃப்2 விசை. அங்கே வேக் ஆன் லேனை நிறுத்தினேன். அணைத்த பின்னும் யூஎஸ்பி வழியாகப் போனுக்கு சார்ஜ் கொடுக்கும் வசதி ஒன்று இருந்தது. அதையும் சேர்த்து நிறுத்தினேன்.

மறுநாள் காலை 79.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்ப நான் சீரியல் பாக்கல?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பேத்தி பரிசை மறுபடி காட்டியபோது, நாற்காலியில் அவளை முதலில் உட்கார வைத்தேன்.