மூவாயிரம் பவுன்

ஜேன் ஆஸ்டின் காதல் கதை எழுதியவர் என்ற எண்ணத்தோடுதான் பதினாறு, பதினேழு வயது மாணவியர் அவருடைய நூலைக் கையில் எடுக்கின்றனர். காதலைப் பிறகு பார்ப்போம், முதலில் கணக்கைப் பார்ப்போம் என்று நான் சொல்வதுண்டு. யாருக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு? நிலம் யார் பெயரில் இருக்கிறது? தந்தை மறைந்தால் அது யாரைச் சேரும்? அந்த அம்மையாரின் பாத்திரங்கள் இக்கணக்கை மனப்பாடமாக அறிந்தவர்கள். நாம் அறியாமல் படித்தால் அவர்கள் பேச்சில் பாதி நமக்குக் கேட்காது.

1811இல், 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் அச்சிடப்பெற்று, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த முதல் நாவல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. அதன் இரண்டாம் அத்தியாயத்தில்தான் என் பாடம் தொடங்கும். நார்லண்டு என்னும் பண்ணை, ஒரு முதியவரின் உயிலால், டாஷ்வுட் குடும்பத்து மூத்த தாரத்தின் மகன் ஜானுக்கும் அவன் பிள்ளைக்கும் என்று கட்டப்பட்டுவிட்டது. இளைய தாரத்துக்கும் அவளுடைய மூன்று பெண்களுக்கும் மிஞ்சியது பத்தாயிரம் பவுன். அவர்களைப் பார்த்துக்கொள்ளும்படி மரணப்படுக்கையில் தந்தை கேட்கிறார், மகன் வாக்களிக்கிறான். தங்கையருக்கு ஆளுக்கு ஆயிரமாக மூவாயிரம் பவுன் கொடுப்பதென்று மனத்துக்குள் முடிவும் செய்கிறான்.

"மூவாயிரம் பவுனா!" என்று வகுப்பு வாய்பிளந்தது. நகைக்கடைப் பவுன் அவர்கள் கண்முன் நின்றது. அதில் ஓர் உறவும் உண்டு. ஒரு பவுன் மதிப்புள்ள ஆங்கிலப் பொற்காசு 1817இல், ஆஸ்டின் மறைந்த அதே ஆண்டில், வெளிவந்தது. அதன் எடையே, ஏறத்தாழ எட்டுக் கிராம், நம் கடைவீதியில் இன்றும் பவுன்.

பிறகு ஜானின் மனைவி ஃபேனி பேசுகிறாள். நம் பிள்ளை ஹாரியின் சொத்தைக் குறைப்பதா என்கிறாள். மூவாயிரம் பாதியாகிறது. அதுவும் போய், தாய்க்கு மட்டும் ஆண்டுக்கு நூறு என்றாகிறது. ஆண்டுத்தொகை கொடுத்தால் வாங்குகிறவர்கள் சாகவே மாட்டார்கள் என்று அவள் அஞ்சுகிறாள்! எப்போதாவது ஐம்பது, பிறகு வீடு மாற ஓர் உதவி, பருவத்துக்கு ஏற்ப மீனும் வேட்டைக்கறியும் என்று வாக்குறுதி கரைந்துபோகிறது. அவர்கள் எடுத்துச் செல்லும் பீங்கான் பாத்திரங்கள்கூட அவள் கண்ணை உறுத்துகின்றன. அவள் ஒரு முறையும் குரலை உயர்த்தவில்லை. ஆசிரியரும் அவளை ஒரு சொல் கடியவில்லை.

ஆஸ்டினுக்கு இது கேள்விஞானம் அன்று. 1805இல் தந்தை மறைந்தபின் அவரும் தாயும் தமக்கையும் பெருமளவு சகோதரர்கள் கொடுத்ததைக் கொண்டு வாழ்ந்தனர். 1809இல் எட்வர்டு என்னும் சகோதரர் சாட்டன் கிராமத்தில் வீடு கொடுத்தார். அவர்கள் ஜானைப் போன்றவர்கள் அல்லர். எனினும் கிடைத்தது தயவே அன்றி உரிமை அன்று. திருமணமான ஆங்கிலப் பெண்ணுக்குத் தன் பொருள்மீது உரிமை கிடைக்கவே 1870, 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வர வேண்டியிருந்தது.

"நம் மார்க்கத்தில் இது நடக்காதே" என்று ஒரு மாணவி எழுந்தாள். மெய்தான். மகளின் பங்கு திருக்குர்ஆனின் சூரத்துன் நிஸாவில் விதிக்கப்பட்டுள்ளது. மூன்றில் ஒன்றுக்கு மேல் வஸிய்யத் செய்து எவரும் அதை அழித்துவிட முடியாது. மஹர் மனைவிக்கே சொந்தம். நான் இவற்றை விளக்கிக்கொண்டிருக்கையில், பின்வரிசையிலிருந்து ஒருத்தி தன் மாமியைப் பற்றிச் சொன்னாள். கைக்கூலியும் நகையும் போட்டதிலேயே பங்கு தீர்ந்தது என்று அண்ணன்மார் சொல்லியிருக்கின்றனர். ஒரு விருந்தன்று விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமும் வாங்கியிருக்கின்றனர். மாமி முகம் சுளிக்கவில்லையாம். பிறந்தகத்து வாசல் அடைபட்டுவிடும் என்ற அச்சம்.

வாழ்நாளில் கொடுத்த அன்பளிப்பு வாரிசுப் பங்கில் கழியாது. மாப்பிள்ளை வீட்டார் வாங்கிய கைக்கூலி எப்படிப் பெண்ணின் பங்காகும்? இதைச் சொன்னேன். ஆனால் அவள் கேட்டது சட்டம் அன்று. ஃபேனிக்கு அந்நாட்டுச் சட்டம் துணை நின்றது. நம் வீடுகளில் சட்டம் எதிரே நிற்கும்போதும் அதே மென்குரல் போதுமானதாயிருக்கிறது.

அந்தப் பேச்சு நடக்கும்போது தங்கையர் ஒருவரும் அருகில் இல்லை என்பதையும் அவளே கண்டு சொன்னாள். மூத்தவள் எலினாரை அங்கே இருத்தி அக்காட்சியைத் திரும்ப எழுதி வரச் சொன்னேன். பெரும்பாலோர் எலினார் வாயால் ஃபேனியை வெளுத்து வாங்கியிருந்தனர். பின்வரிசைப் பெண்ணின் எலினார் ஒன்றும் பேசவில்லை. தாளையும் மைக்கூட்டையும் அண்ணன் முன் வைத்து, மனத்தில் நினைத்த தொகையை முதலில் எழுதச் சொல்கிறாள்.