காலுக்கடியில் மணல்

ரொறன்ரோவுக்கு வடக்கே விவியன் காடு இருக்கிறது. கனடாவுக்கு வந்த புதிதில் மகன் ஞாயிறு தோறும் கூட்டிப் போவான். நான் காரை விட்டு இறங்கமாட்டேன். “அது அவையின்ரை காடு, எனக்கென்ன?”

ஒருநாள் பேரனின் சப்பாத்துக் கழன்றது. எடுக்க இறங்கிக் குனிந்து பைன் சருகை விலக்கினால், கீழே மணல்! எங்கள் வடமராட்சி மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோயிலையே மூடிவிட்ட அதே மாதிரி மணல். அங்கே கடல் பக்கத்தில். இங்கே யார் கொண்டுவந்து கொட்டினது?

பனிதான். ஒரு காலத்தில் இந்த நிலம் முழுவதும் ஒரு கிலோமீற்றருக்கு மேல் தடித்த பனிக்குக் கீழே கிடந்தது. ஏறத்தாழ 13,000 வருடங்களுக்கு முன் அது உருகிப் பின்வாங்கியபோது, வடக்கே ஒரு பனிநாக்கு, தெற்கே ஒன்ராறியோ ஏரிப் பக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உருகின தண்ணீர் விட்டுப்போன மணலும் பரலும்தான் 160 கிலோமீற்றர் நீளமான ஓக் ரிட்ஜஸ் மேடு. மணலுக்குள் புதைந்த பனிப்பாளங்கள் ஆறுதலாகக் கரைந்த இடமெல்லாம் பள்ளமாகி, இன்று குளமாய் நிற்கின்றன. மேட்டில் இறங்கும் மழை ஊற்றாகக் கசிந்து ரூஜ், டொன், ஹம்பர் ஆறுகளாகிறது.

இந்தக் காட்டை ஆதிவனம் என்று நினைத்தேன். அது பிழை. குடியேறியவர்கள் மரத்தைத் தறித்து விதைத்தார்கள். மேல்மண் போய் மணல் பறக்கத் தொடங்கியது. 1924இல் மரம் நட ஆரம்பித்தார்கள். வரிசை பிசகாத சிவப்புப் பைன்களைப் பார்த்தாலே மனிதக் கை தெரியும். அவற்றின் நிழலில் இப்போது மேப்பிள் தானாக முளைத்து வருகிறது.

எங்கள் ஆட்களுக்குக் காணி என்றால் உறுதியும் வேலியும்தான். நானும் ஊரில் ஆறு பரப்புக்கு உறுதி வைத்திருந்தவன். அதில் எத்தனை தரம் காலாற நடந்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. இங்கே ஒரு சாண் நிலமும் எனக்கில்லை. ஆனால் போன மாரியில் எந்த மரம் விழுந்தது என்று தெரியும்.

பாதையோரம் வடக்கிலிருந்து பனி உருட்டிவந்த கருங்கல் ஒன்று. “அப்பப்பா, இதுவும் உங்களை மாதிரி வந்ததுதான்” என்றான் பேரன். கல்லுக்கு ஸ்பொன்சர் தேவைப்படவில்லையே என்றேன்.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கவிழ்த்தால் ஒரு பிடி மணல் கொட்டும். மருமகள் ஏசுவாள். நான் கூட்டமாட்டேன்.