செவிக்கொரு துணைக்கருவி

கல்வியைக் கண்ணுக்கு மட்டும் உரியதாக நம் முன்னோர் வைத்தாரல்லர். திருக்குறளில் ‘கல்வி’, ‘கல்லாமை’ ஆகிய அதிகாரங்களை அடுத்துக் ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் அமைந்திருத்தல் இதற்குத் தக்க சான்றாகும். வாய்மொழியாக வந்த அச்செல்வத்தை நாடாவில் பதிந்தும், கணிப்பொறியில் சேமித்தும் கேட்கும் நிலைக்கு இன்று வந்துள்ளோம். அவ்வாறு கேட்பதற்கு ஏற்ற கருவி எது என்னும் வினா நம் துறையில் எழுந்தபோது, கையடக்கமான ஒலிமாற்றி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. ஆராய்ந்து அறிந்தவற்றை மாணவச் செல்வங்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், ஊர்ப் பெரியோர்களுக்கும் இம்மலர் வழியே எடுத்துரைக்க விழைகின்றோம்.

நாடாக்கள் தந்த தேவை

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை, நாட்டுப்புறவியல் ஆய்வுக்குப் பெருந்துணையாயிற்று. நம் முதுகலை மாணவர்கள் பலர் 1980களிலும் 1990களிலும் கடலோர ஊர்களுக்குச் சென்று, தாலாட்டு, ஒப்பாரி, அம்பாப் பாட்டு, பழமொழி ஆகியவற்றைப் பதிவு செய்து வந்தனர். அந்நாடாக்கள் நெடுங்காலம் துறையின் இரும்பு அலமாரியில் உறங்கின. பூஞ்சை பிடித்தவை சில. சுருளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை சில. எஞ்சியவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றிய பின், ஒவ்வொரு பாட்டையும் கேட்டு எழுதும் பணியைத் தொடங்கினோம்.

பாடிய தாய்மாருள் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை. ஐயம் எழுந்தால் சென்று வினவ வழியில்லை. நாம் ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டு எழுதிவிட்டால், அப்பிழையே இனி அவர்தம் பாட்டாக நிலைத்துவிடும். ஒரு தாலாட்டில், கடல்மேற் சென்ற தந்தை குழந்தைக்குக் கொண்டுவருவது ‘வலை’ என்று ஒரு மாணவர் எழுதினார். ‘வளை’ என்று மற்றொருவர் எழுதினார். மீனவன் கையில் வலை இருத்தலும் இயல்பே. மகளுக்கு வளை வாங்கி வருதலும் இயல்பே. பொருள் கொண்டு தெளிய இயலாத இவ்விடத்தில் ஒலி ஒன்றே சான்று.

அவ்வொலியோ தெளிவாக வரவில்லை. மடிக்கணினியின் துளையில் ஹெட்போனைச் செருகினால் ஓயாத இரைச்சல் கேட்டது. சுட்டியை நகர்த்துந்தோறும் மெல்லிய கீச்சொலியும் உடன் வந்தது. நாடாவின் இரைச்சலே அது எனச் சிலர் கருதினர். பாட்டை நிறுத்திப் பார்த்தோம். பாட்டு நின்றது, இரைச்சல் நிற்கவில்லை. ஆகவே குற்றம் நாடாவினுடையதன்று, கணினியின் துளையினுடையது என்பது புலனாயிற்று.

மாற்றியும் பெருக்கியும்

கணிப்பொறியில் இருப்பது ஒலியன்று, எண்களே. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு விநாடி ஒலி 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. 16 பிட் என்று கூறுவது இதனையே. இவ்வெண்களை மீண்டும் மின்னழுத்தமாக ஆக்கித் தருவது மாற்றி. இதனை ஆங்கில முதலெழுத்துகளால் ‘டாக்’ என்பர். அம்மின்னழுத்தத்திற்கு ஹெட்போனை இயக்கும் வலிமை சேர்ப்பது பெருக்கி. இவ்விரண்டும் கைப்பேசியிலும் கணினியிலும் உள்ளேயே உண்டு. ஆயின் நுண்ணிய மின்சுற்றுகள் பல நெருங்கியிருக்கும் இடத்தில், அவற்றின் சலசலப்பு ஒலிப்பாதையிலும் கலந்துவிடுதல் உண்டு. மாற்றியைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவருதலின் முதற்பயன் இக்கலப்பினின்று விடுபடுதலேயாம்.

இத்தகைய சிறு கருவிகள் பெருகியமைக்கு வரலாற்றுக் காரணங்களும் உள. 2011இல் தம் பெயரை வெளியிடாத பொறியாளர் ஒருவர், ‘ஓ2’ என்னும் ஹெட்போன் பெருக்கியின் வரைபடத்தையும் அளவைகளையும் எவரும் செய்துகொள்ளுமாறு பொதுவில் வைத்தார். பெருஞ்செலவின்றியும் தூய ஒலி பெறலாம் என்பதற்கு அது சான்றாக அமைந்தது. 2012இல் ஆடியோக்வெஸ்ட் நிறுவனம் ‘டிராகன்ஃபிளை’ என்ற பெயரில் விரலளவு மாற்றி ஒன்றை வெளியிட்டது. 2016 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஹெட்போன் துளையே இல்லாத ஐபோன் 7ஐக் கொணர்ந்தது. பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழி செல்லவே, வெளிமாற்றி என்பது பலர்க்கும் தேவையான பொருளாயிற்று.

எண்களின் மயக்கம்

கடையில் இக்கருவிகளின் பெட்டிகளை நோக்கின், ‘32 பிட்’, ‘384 கிலோஹெர்ட்ஸ்’ என்னும் பேரெண்கள் கண்ணைப் பறிக்கும். எண் பெரிதாயின் ஒலியும் சிறக்கும் என எண்ணுதல் இயல்பே. எனினும் இதனைச் சற்று ஆராய்தல் தகும்.

ஓர் அலையைப் பிழையின்றி மீட்டெடுக்க, அதிலுள்ள மிகவுயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்கிற்கு மேற்பட்ட வேகத்தில் அளந்தாற் போதும். நைகுவிஸ்ட் 1928இலும், ஷானன் 1949இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு அடிப்படையாகும். மனிதச் செவி கேட்கவல்லது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையே. அகவை கூடக் கூட மேலெல்லை குறையும். ஆகவே 44,100 என்பதே செவியின் எல்லைக்குப் போதுமானது. 2007இல் மேயர், மோரன் என்னும் இருவர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வும் ஈண்டு நினைக்கத்தக்கது. உயர்நுண்மைப் பதிவையும், அதனையே குறுந்தகட்டின் தரத்திற்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்பித்தனர். 554 முறைகளுள் சரியாக இனங்கண்டவை 276. இது நாணயத்தைச் சுண்டிப் பார்த்தலுக்கு ஒப்பானதே.

நம் தேவையோ இன்னும் எளியது. பழைய நாடாவில் மிகவுயர் அதிர்வெண்கள் பதிவாவதேயில்லை. லகர, ளகர, ழகரங்களைப் பிரித்தறிய உதவும் ஒலிக்குறிப்புகளும் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸ் அளவிற்குள் அடங்கிவிடுகின்றன. எனவே நம்மை இடர்ப்படுத்தியது நுண்மைக் குறைவன்று, இரைச்சலே. பேரெண்களுக்குப் பொருள் கொடுத்தல் வேண்டா என முதற்கண் துணிந்தோம்.

நோக்கத்தக்கவை

அவ்வாறாயின் எவற்றை நோக்குதல் வேண்டும்? முதலாவது, அமைதி. பாட்டு இல்லாதபோது கருவி முற்றும் அடங்கியிருத்தல் வேண்டும். மென்மையான ஒலிக்கும் விரைவில் பதில் தரும் சிறு காதொலிப்பான்களில் இது மேலும் இன்றியமையாதது.

இரண்டாவது, வெளியீட்டு மின்மறுப்பு. இது ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்கிற்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் கணக்கு. 32 ஓம் உடைய ஹெட்போனுக்கு 4 ஓம், அல்லது அதனினும் குறைவு. ஹெட்போனின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவது. பெருக்கியின் மின்மறுப்பு மிகுந்திருப்பின், சில ஒலிகள் ஓங்கியும் சில தாழ்ந்தும் வந்து குரலின் இயல்பு திரியும்.

மூன்றாவது, ஆற்றல். மின்னழுத்தத்தைத் தன்னாற் பெருக்கி, மின்மறுப்பால் வகுத்தால் ஆற்றல் கிடைக்கும். 1 வோல்ட் தரும் கருவி, 32 ஓம் ஹெட்போனுக்கு ஏறத்தாழ 31 மில்லிவாட்டும், 300 ஓம் ஹெட்போனுக்கு 3.3 மில்லிவாட்டும் அளிக்கும். 1997இல் வெளிவந்த சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போன்களை உடையோர்க்கு 2 வோல்ட் தரும் கருவி ஏற்றது. குறைந்த மின்மறுப்புடைய ஹெட்போனுக்கு 1 வோல்ட்டே மிகை. 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் ஒலிக்கும் ஒன்று, 31 மில்லிவாட்டில் 115 டெசிபெல் அளவிற்கு ஒலிக்கும். அது கேட்டு இன்புறும் அளவன்று. செவியைக் கெடுக்கும் அளவு.

நான்காவது, இணைப்பும் மின்கலமும். சொந்த மின்கலம் உடைய கருவிகள் கைப்பேசியின் மின்கலத்தை உறிஞ்சா. ஆயின் அவை கனமானவை, மின்கலம் முதுமையடைந்தால் கருவியும் பயனற்றுப் போகும். துறையில் பலர் பல ஆண்டு பயன்படுத்துவதற்கு மின்கலமற்ற, யூ.எஸ்.பி. வழியே மின்சாரம் பெறும் சிறு கருவியே தக்கது எனக் கண்டோம். யூ.எஸ்.பி. ஒலியின் முதல் வகுப்பைச் சார்ந்த கருவி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை, தனி மென்பொருள் ஏதுமின்றிப் பழைய கணினியிலும் இயங்கும் என்பதும் நமக்கு உதவியாயிற்று.

சோதித்துத் தெளிதல்

நூலறிவோடு நில்லாமல் செவியறிவாலும் தெளிய விரும்பினோம். சற்று உரக்க ஒலிப்பதையே சிறந்ததென மயங்குவது மனித இயல்பு. ஆகவே இயற்பியல் துறை நண்பர்களிடம் மல்டிமீட்டர் ஒன்றைக் கடனாகப் பெற்று, ஒரே சீரான தொனியை ஒலிக்கச் செய்து, ஒவ்வொரு கருவியின் அளவையும் சமப்படுத்தினோம். கருவிகளைத் துணியால் மூடிவிட்டு, ஒருவர் மாற்றிச் செருக மற்றவர் கேட்டு எழுதினர். இரண்டு மாற்றிகளையும் கணினியின் துளையையும் இவ்வாறு ஒப்பிட்டோம். கணினியின் துளையை அனைவரும் ஒவ்வொரு முறையும் இனங்கண்டனர். மாற்றிகள் இரண்டினிடையே எவராலும் வேறுபாடு காண இயலவில்லை. அவ்விரண்டின் விலையிலோ ஏறத்தாழ எட்டு மடங்கு வேறுபாடு இருந்தது.

முடிவு எளிதாயிற்று. விலை குறைந்ததையே வாங்கினோம். எஞ்சிய தொகையைக் கொண்டு, புற ஓசையைத் தடுக்கும் மூடுவகை ஹெட்போன் ஒன்றை வாங்கினோம். 1991 முதல் ஒலிப்பதிவு நிலையங்களில் வழங்கிவரும் சோனி எம்.டி.ஆர். 7506 அது. 63 ஓம் மின்மறுப்புடைய அதற்கு வலிய பெருக்கி வேண்டியதில்லை. ஒலியின் இயல்பைப் பெரிதும் வகுப்பது ஹெட்போனே. மாற்றி தூயதாக இருந்தாற் போதும். ஆகவே பொருளில் பெரும்பகுதியை ஹெட்போனுக்கே ஒதுக்குமாறு மாணவர்க்குக் கூறுவோம்.

அதன்பின் அத்தாலாட்டை மூவரிடம் தனித்தனியே கொடுத்து எழுதச் செய்தோம். மூவரும் ‘வளை’ என்றே எழுதினர். அன்று நம் துறையில் நிலவிய மகிழ்ச்சி, சிதைந்த ஏட்டில் ஓர் எழுத்தை மீட்டவர் எய்தும் மகிழ்ச்சிக்கு ஒப்பானது. எனினும் கருவியால் எல்லாம் தெளிந்தன என்று கூறுதற்கில்லை. நாடாவே சிதைந்துவிட்ட இடங்களில் எந்த மாற்றியாலும் பயனில்லை. சுவடி பதிப்பித்தோர் செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டியவாறே, நாமும் அவ்விடங்களைப் புள்ளியிட்டு விடுத்தோம். கேளாததைக் கேட்டதாக எழுதுதல் ஆய்வன்று.

இளஞ்செவியும் முதுசெவியும்

பணியினிடையே மற்றோர் உண்மையும் விளங்கிற்று. மாணவர்களின் செவிக்கு ஒலிகள் நுட்பமாகக் கேட்டன. ஆயின் அவ்வொலிகள் சேர்ந்த சொல் இன்னதென்று பலபோது தெரியவில்லை. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்து அமர்ந்தார். உயர்ந்த ஒலிகள் அவர் செவிக்கு எட்டவில்லை. எனினும் தோணியின் உறுப்புகளையும், காற்றின் பெயர்களையும், வழக்கொழிந்த முறைப்பெயர்களையும் கேட்டவுடன் எடுத்துரைத்தார். இளஞ்செவி ஒலியைத் தர, முதுசெவி சொல்லைத் தந்தது. இவ்விரண்டும் ஒரே அறையில் கூடுவதற்கு அச்சிறு கருவி ஏதுவாயிற்று.

பெரியோர்க்கு ஒன்று கூறுவோம். ஹெட்போன் பெருக்கி செவித்துணைக் கருவிக்கு ஈடாகாது. இது எல்லா ஒலியையும் ஒருசேர உயர்த்தும். அதுவோ, செவிச்சோதனையில் குறைவு கண்ட அதிர்வெண்களை மட்டும் அளந்து உயர்த்தும். கேள்விக் குறைவு உணர்ந்தோர் மருத்துவரை அணுகுதலே முறை.

மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின் 80 டெசிபெல் அளவைக் கடத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. 3 டெசிபெல் கூடுந்தோறும் கேட்கத்தகும் நேரம் பாதியாகும். 90 டெசிபெல் ஆயின் வாரத்திற்கு 4 மணி நேரமே. உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் முறையற்ற கேட்டலால் செவித்திறனை இழக்கும் இடரில் உள்ளனர் என்பதும் அந்நிறுவனத்தின் மதிப்பீடே. பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியை உயர்த்துவதைக் காட்டிலும், இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போனை அணிந்து ஒலியைத் தாழ்த்துதல் அறிவுடைமை. பழுதான கருவிக்கு மாற்று உண்டு. உட்செவியின் நுண்ணிழைகள் அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை.

இன்னும் பல நாடாக்கள் நம் அலமாரியில் காத்திருக்கின்றன. ஊரார் இல்லங்களிலும் இத்தகையன கிடத்தல் கூடும். பாட்டியின் குரலோ, பழைய சொற்பொழிவோ பதிந்த நாடா எவரிடம் இருப்பினும், அதனைக் குப்பையென எறியாது துறைக்குத் தந்துதவுமாறு பணிந்து வேண்டுகின்றோம். கேட்பதற்குக் கருவியும் உண்டு. எழுதுவதற்கு மாணவரும் உளர். சொல்லின் பொருளை அறிந்த பெரியோரும் இன்று நம்மிடையே உளர். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்திருக்கும் இக்காலத்தைத் தவற விடாதிருப்போமாக!